தானாகவே

இரண்டு மணி ஷிப்டு விட்டு எல்லாரும் சைக்கிளும் பைக்குமாகக் கேட்டைத் தாண்டிய பிறகு, மில் ஆபீஸ் வராந்தாவில் வீரணன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு காகிதம். சட்டைப் பையில் மேனேஜர் கொடுத்த நீலப் பேனா. மூணு மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அம்மா வர்றாங்க, அதுக்குள்ள போட்டு வச்சிரு, படிக்கக்கூட வேண்டியதில்ல, எல்லாரும் போட்டதுதான் என்று சொல்லிவிட்டு மேனேஜர் தெய்வசிகாமணி சாப்பிடப் போயிருந்தார். எல்லாரும் என்றால் பதினொரு பேர். போன புதன்கிழமை காலை ஷிப்டில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் நின்று விபத்தைப் பார்த்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர். அவர்கள் கையெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. பன்னிரண்டாவது வரியில் ‘ஆர். வீரணன், ஃபிட்டர்’ என்று டைப் அடித்திருந்தது. அதற்கு எதிரே வெள்ளையாக ஒரு இடம், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஏற்கெனவே இரண்டு தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. மூன்றாவது தடவை எழுந்தால் எதிர் அறையில் இருக்கும் டைப்பிஸ்ட் அம்மா சிரிப்பாள் என்று தொடையை இறுக்கிக்கொண்டிருந்தான். மூக்குக்குள் பஞ்சுத் தூசி. பதினாறு வருஷமாக இருக்கிற தூசிதான், ஆனால் இன்றைக்கு அது நெஞ்சுவரை இறங்கி அடைத்த மாதிரி இருந்தது. சுவரில் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. அதைப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொன்னதும் மறுபடி பார்த்தான். இரண்டு இருபதுதான்.

பயம் அவனுக்குப் புதிதில்லை. நாற்பத்தொரு வயதில் அவன் பயப்படாமல் கழித்த நாள் என்று ஒன்று உண்டா என்றுகூட யோசிக்கலாம். நாய் என்றால் பயம். தெருமுனையில் படுத்திருக்கும் சொறிநாய்க்காக அரைமைல் சுற்றிப் போகிறவன். இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவரிலிருந்து தள்ளி உட்காருவான். ஊசி போடப் போனால் நர்ஸ் பஞ்சை எடுக்கும்போதே கண் இருட்டும். போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடையில் டீ குடிக்கமாட்டான். ஹெல்மெட் போட்டிருப்பான், லைசென்ஸ் இருக்கும், இருந்தாலும் சிக்னலில் காக்கிச் சட்டையைக் கண்டால் கை ஆக்சிலேட்டரில் வியர்க்கும். குலசாமி பேரை வைத்தார்கள், வீரணன் என்று. மில்லில் இந்தப் பேரை வைத்து எத்தனை சிரிப்பு. பேரு வீரணன், ஆளு குருவி என்பார் சவரிமுத்து அண்ணன். சவரிமுத்து அந்த ஷிப்டுக்கு மேஸ்திரி, ஆறடி ஆள். கேன்டீனுக்குள் வந்த நல்லபாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முள்காட்டில் விட்டவர். கிடங்கில் தீப்பிடித்தபோது ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனவர். அவர்தான் இந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து. பெரிய எழுத்தில், அடியில் இரண்டு கோடு இழுத்து. வீரணன் அதை நெடுநேரம் பார்த்தான். அண்ணனே போட்டுவிட்டார். அப்படியென்றால் இதில் பயப்பட ஒன்றும் இல்லையோ. அல்லது அண்ணனே போடுகிற அளவுக்குப் பயப்பட இருக்கிறதோ. எது என்று தெரியவில்லை, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது யோசனை, செக்குமாடு மாதிரி.

படிக்க வேண்டியதில்லை என்று சொன்னதால்தான் படித்தான். பாதிக்குமேல் ஆபீஸ் தமிழ், புரிந்தும் புரியாமலும் ஓடியது. மேற்படி தேதியில் மேற்படி தொழிலாளி முனீஸ்வரி, வயது பத்தொன்பது, நான்காம் எண் கார்டிங் இயந்திரத்தில் பணியிலிருந்தபோது, நிர்வாகத்தின் அறிவுறுத்தலுக்கு மாறாக, இயந்திரத்தின் பாதுகாப்பு சுவிட்சைத் தானாகவே வயரால் கட்டி, மூடியைத் திறந்து. அங்கேதான் கண் மாட்டிக்கொண்டது. தானாகவே. அதற்குமேல் வரி ஓடவில்லை. கீழே போய்விட்டு மறுபடி மேலே ஏறி அந்த வார்த்தையில் வந்து நின்றது. தானாகவே. சட்டை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகரமுடியாது. முனீஸ்வரி தானாகவே வயரைக் கட்டினாளாம். அந்தப் பிள்ளைக்குக் குறடு எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியுமா? கமுதிப் பக்கம் ஏதோ ஊர், பத்தாவது முடித்துவிட்டு வந்தது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தது. மிஷின் ஓடும்போது பாட்டு முணுமுணுக்கும், சத்தத்தில் ஒன்றும் கேட்காது, உதடு மட்டும் அசையும். சுவிட்சு எங்கே இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திறந்திருக்காது. மூடியைத் திறந்தால் மிஷின் நிற்கவேண்டும், அதற்குத்தான் சுவிட்சு. நிற்காமல் ஓடட்டும் என்று ஒருத்தன் வயரால் கட்டி வைத்திருந்தான். எட்டு மிஷினுக்கும். அந்த ஒருத்தன் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு.

கட்டச் சொன்னது யார் என்றால், அதுவும் நேராகச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்று மில்லே பறந்துகொண்டிருந்த சமயம், ஸ்பின்னிங் மாஸ்டர் கனகசபாபதி வந்து நான்காம் நம்பர் மிஷின் பக்கத்தில் நின்றார். தூசி எடுக்க மூடியைத் திறந்தார்கள், மிஷின் நின்றது. மறுபடி ஓடிச் சரியாக வர இருபது நிமிஷம் ஆனது. மாஸ்டர் வீரணனைப் பார்த்தார். “இந்தச் சுவிட்சைக் கொஞ்சம் கவனிப்பா” என்றார். கவனி என்றால் என்ன என்று கார்டிங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும். வீரணன், “சார், அது சேஃப்டிக்கு” என்று ஆரம்பித்தான். மாஸ்டர் கோபப்படவில்லை. திட்டவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு வீரணன் வாயிலிருந்து தானாக வந்தது, “சரிங்க சார்.” தானாக. ஆமாம், தானாக நடந்தது அது ஒன்றுதான். நாக்கு அவனைக் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அவன் வாழ்க்கையில் பெரிய காரியங்கள் எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கின்றன. யாரோ கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இவன் சரிங்க சார் என்பான். அன்றைக்கு மத்தியானம் எட்டையும் கட்டி முடித்தான். சுத்தமான வேலை. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு அவன் ஏழாம் நம்பர் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கார்டிங்கில் கூப்பிட்டால் காதுக்குள் வந்து கத்தவேண்டும், அப்படி இரைச்சல். நிமிர்ந்தபோது முனீஸ்வரியின் வாய் திறந்திருந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தான். யாரோ என்னமோ சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை சிரிக்கிறது என்று நினைத்து இவனும் லேசாகச் சிரித்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவி சுருளியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் வாய் மூடவில்லை. அப்புறம்தான் கையைப் பார்த்தான். ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அடித்தான். பிரேக் அந்த மூடிச் சுவிட்சோடு சேர்ந்தது, வயரால் கட்டியதில் அதுவும் போய்விட்டது, பொத்தானை மட்டும் அடித்தால் உடனே நிற்காது. டன் கணக்கில் கனமுள்ள உருளை, ஊசி ஊசியாகப் பல், வேகம் அடங்க நிமிஷக் கணக்காகும். கட்டையை வைத்து, பெல்ட்டைக் கழற்றி, என்னென்னவோ செய்தான். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று விரல். வலது கை. ஆம்புலன்ஸ் போன பிறகு மாஸ்டர் வந்தார். ஏழு மிஷினிலும் வயரை அவிழ்க்கச் சொன்னார். நாலாம் நம்பரை மட்டும் தொடாதே என்றார். ஏன் என்று வீரணன் கேட்கவில்லை. ஏழையும் அவிழ்த்தான். நாலாம் நம்பரில் மட்டும் ஏன் விட்டார், அவளே கட்டியதாகக் காட்டத்தான் என்பது இந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அப்படியும் சொல்லமுடியாது. அன்றைக்கே கொஞ்சம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு இடத்தில் வைத்திருந்தான், கண்ணுக்குப் படாத மேல் அலமாரியில்.

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். போட்டுவிடலாம். போட்டுவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வீட்டில் கருவாட்டுக் குழம்பு. மகள் டியூஷன் போவதற்குள் போனால் அவளைக் கொண்டுபோய் விடலாம். காகிதத்தைத் தொடைமேல் வைத்து முனையை அந்த வெள்ளை இடத்துக்குக் கொண்டுபோனான். ‘வீ’ போட மேலே சுழிக்கவேண்டும். முனை காகிதத்தில் பட்டு ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது. கை மரத்துப்போனதா, இல்லை அவன்தான் நிறுத்தினானா, தெரியவில்லை. ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது, இப்போது எதற்கு அது. கணக்கு வாத்தியாரின் பேனா காணாமல் போனது. தங்கமாடன்தான் எடுத்தான் என்று வாத்தியார் முடிவு செய்தார். வகுப்பில் எல்லாரும் வரிசையாக வந்து அவன் கன்னத்தில் ஒரு அறை கொடுக்கவேண்டும் என்றார். வீரணன் முப்பதாவதோ என்னவோ. வரிசை நகர நகர, நம் முறை வருவதற்குள் மணி அடிக்கும் என்று வேண்டிக்கொண்டே நின்றான். மணி அடிக்கவில்லை. முன்னால் வந்தபோது தங்கமாடனின் கன்னம் வீங்கிப் பளபளத்தது. அவன் அழவில்லை. வீரணனைப் பார்த்தான், கோபமாகக்கூட இல்லை, அடுத்தது நீயா, சரி என்கிற மாதிரி. வீரணன் மெதுவாக அடித்தான். வலிக்காமல் தட்டினான். எல்லாரும் அடித்த பிறகு நான் மட்டும் அடிக்காவிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது, முப்பதில் ஒன்று என்று நினைத்தான். ஆனால் அந்தக் கன்னத்தின் சூடு உள்ளங்கையில் ஏறியது. இரண்டு நாள் சாப்பிடும்போது சோற்றில் அந்தச் சூடு இருந்தது. மற்றவர்களுக்கு இருந்ததா என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. பேனா வாத்தியார் வீட்டிலேயே கிடைத்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள், அதற்குள் தங்கமாடன் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டான்.

“இன்னும் போடலையா?” தலைக்குமேல் சத்தம். வீரணன் துள்ளி எழுந்தான். சவரிமுத்து. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை அவரையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னடா, புள்ளி மட்டும் வச்சிருக்க, கோலம் போடப் போறியா?”

“அண்ணே, நம்மதான் கட்டுனோம்னு எல்லாருக்கும் தெரியும்லண்ணே.”

“மெதுவாப் பேசுடா.” டைப்பிஸ்ட் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். “தெரியும். அதுக்கு? கையி போயிருச்சு. நீ போய்ச் சொன்னா மொளைச்சிருமா? அந்தப் பிள்ளையைச் சும்மா விட்டுற மாட்டாங்க, ஆபீஸ்ல ஒக்காந்து செய்யிற வேலை ஏதாச்சும் போட்டுக் குடுக்கிறேன்னு மொதலாளியே சொல்லியிருக்காரு. நீ சொன்னா மொதல்ல ஒன்னைத்தான் தூக்குவாங்க. கேஸ் ஒன் பேர்ல விழும். கட்டுனது நீதானடா.”

“அதாண்ணே சொல்றேன். கட்டுனது நாந்தான்.”

“எல்லாரும் போட்டாச்சு வீரணா. பதினொரு பேரு ஒண்ணு சொல்லும்போது நீ ஒருத்தன் வேற சொன்னா எவன் நம்புவான்? நாந்தான் மொதல்ல போட்டேன். நானே போட்டேன்.” கடைசி இரண்டு வார்த்தையை அவர் காகிதத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் மாலை போட்டிருந்த பெரிய முதலாளியின் படத்தைப் பார்த்துச் சொன்னார். தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். “போடு. நான் குவார்ட்டர்ஸ் பக்கம் இருக்கேன்.” அவர் நடை வேகமாக இருந்தது. எப்போதும் ஆடி அசைந்து நடக்கிற மனுஷன்.

அவர் சொன்னது எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம். வீரணன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தான். விரல் முளைக்காது, சரி. வேலை போகும், சரி. கேஸ், சரி. கேஸ் என்று நினைத்ததும் ஸ்டேஷன் வாசல், அதில் காலை மடக்கிப் படுத்திருக்கும் நாய், உள்ளே தன் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிற குரல் எல்லாம் சேர்ந்து வந்தன. செல்போன் அடித்தது. சுருளி. “இன்னும் கெளம்பலையா?” என்றாள். அவன் சொன்னான், காகிதம், கையெழுத்து, எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்று. தானாகவே என்று எழுதியிருப்பதையும் சொன்னான். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. “எல்லாரும் போட்டா நீங்களும் போட்டுட்டு வாங்க” என்றாள். “நமக்கு ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு. ஒங்களுக்கு எதுத்துப் பேசற தெம்பு இருக்கா? வாசல்ல நாய் கொலைச்சா என்னையத்தானே எழுப்புவீங்க.” அவள் கோபமாகச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னாள். அவளும் பயந்திருந்தாள். “சரி” என்றான். வைத்துவிட்டான். சரி என்றது எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவன் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே போக முடியவில்லை, அந்த மருந்து வாடையிலேயே தலை சுற்றியது. முனீஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள், கை வெள்ளை மூட்டையாக நெஞ்சின்மேல் இருந்தது. அவளுடைய அம்மா, வெயிலில் காய்ந்த முகம், வாசலில் நின்றவனைப் பார்த்து வந்தாள். மில்லுல இருந்து வர்றீகளா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் கையைக் கூப்பினாள். “எம்மக விளையாட்டுத்தனமா என்னமோ செஞ்சுபுட்டாளாம்ல, ஆபீஸ்ல இருந்து வந்து சொன்னாக. அவளும் முழிச்சா அதைத்தான் சொல்லுறா, நாந்தேன் என்னமோ பண்ணிட்டேம்மா, அது நின்டுருக்கணும், நான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன்டு. ஒங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. மன்னிச்சுக்கிருங்கய்யா.” மன்னிச்சுக்கிருங்கய்யா. கறிக்கடை எதிர்ப்பக்கம் இருந்தது, அவன் வாங்காமலே வீட்டுக்குப் போனான். கடை அடைத்திருந்தது என்று பொய் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை அடைத்திருக்குமா என்று சுருளி கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கும். ஐம்பது வருஷமும் சோற்றை இடது கையால் அள்ளும்போது, நான் என்னமோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கும். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் சொல்லும், என் தப்புதான் என்று. பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை கேட்டாலும் சொல்லும். இவன் போடப் போகிற இந்தக் கையெழுத்து அதை உண்மையாக்கிவிடும். விரல் போனது மிஷினால். இது வேறு. இது இன்னும் நடக்கவில்லை, இன்னும் முப்பது நிமிஷம் இருக்கிறது. முப்பதில்லை, கடிகாரம் இரண்டு ஐம்பத்தெட்டு. ஓடிவிடலாமா? காகிதத்தை பெஞ்சில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, செல்லை அணைத்துவிட்டு. காய்ச்சல் என்று சொல்லலாம். உண்மையிலேயே காய்கிற மாதிரி இருந்தது. எழுந்தான். எழுந்த அதே நேரத்தில் போர்ட்டிகோவில் கார் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம், மேனேஜரின் சிரிப்பு, வாங்க மேடம் வாங்க. வீரணன் மறுபடி உட்கார்ந்தான். உட்கார்ந்தது அவனில்லை, கால்.

அவர்கள் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்து அவனைக் கூப்பிட்டார்கள். ஏசி குளிர் வியர்வையில் பட்டு உடம்பு நடுங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் மாஸ்டர். இவர்தான் ஃபிட்டர், கையெழுத்து மட்டும் பாக்கி என்றார் மேனேஜர். “போட்டுரு வீரணா” என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. வீரணன் காகிதத்தை மேஜையில் வைத்தான். பேனாவைப் பக்கத்தில் வைத்தான். பேனா உருண்டது, பிடித்து நிறுத்தினான். பேச வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “என்னங்க?”

“இதுல ஒரு வார்த்தை தப்பா இருக்குங்கம்மா.”

“எது?”

விரலை வைத்துக் காட்டினான். “தானாகவேன்னு போட்டிருக்கு. அந்தப் பொண்ணு கட்டலங்கம்மா. நாந்தான் கட்டுனேன்.”

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “மேடம், இவன் அன்னைக்கிருந்து ஒரு மாதிரிதான் இருக்கான். ரத்தத்தைப் பாத்துட்டான்.” “உக்காருங்க சார்” என்றார் அந்த அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு வீரணனிடம், “ஒரு மிஷின்லயா?” என்றார். “எட்டுலயும். ஏழை அவுத்துட்டேன், அன்னைக்கே. போய்ப் பாருங்க, சுவிட்ச் ஸ்குரூவுல புதுக் கீறல் இருக்கும்.” “யார் கட்டச் சொன்னது?” இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும் அது வந்தபோது அறையே ஒரு பக்கம் சாய்ந்தது. மாஸ்டர் மணிக்கட்டைத் திருப்பினார். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பது திரும்பாமலே வீரணனுக்குத் தெரிந்தது, நாக்கு நுனியில் ‘சரிங்க சார்’ வந்து நின்றதும் தெரிந்தது. அதை விழுங்கினான். விழுங்க இவ்வளவு நேரம் ஆகுமா ஒரு வார்த்தைக்கு. “மாஸ்டர் சொன்னாரு” என்றான். “ஆனா கட்டுனது என் கை.”

இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். “பதினொரு பேர் கையெழுத்து இருக்கு இதுல. நீங்க மட்டும் ஏன்?” அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், ஏனென்றால் அவனுக்கும் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. நியாயம் என்று சொல்லலாம், ஆனால் நியாயத்தைப் பற்றி அவன் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. தைரியம் என்றால் சிரிப்பார்கள். “தெரியலைங்கம்மா” என்றான். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தள்ளினார். கை இப்படி நடுங்குதே, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன் என்றார். “இல்லைங்கம்மா, நானே எழுதுறேன்.” ஒரு பக்கம் எழுத அரைமணி நேரம் ஆனது. எழுத்துகள் மேலும் கீழுமாக, குடித்துவிட்டு வந்தவன் நடை மாதிரி போயின. அடியில் கையெழுத்துப் போட்டபோது ‘வீ’யின் மேல்சுழி ஒடிந்த மாதிரி விழுந்தது. பரவாயில்லை என்றார். வெளியே இருங்க, ஹாஸ்டல்ல, குவார்ட்டர்ஸ்ல இருக்கிற மத்தவங்களையும் கூப்பிட்டுத் திரும்பக் கேக்கணும், அதுவரைக்கும் போயிராதீங்க. கதவுவரை கூடவே வந்த மேனேஜர், காதோரம் குனிந்து, “நாளையில இருந்து மில்லு கேட்டுப் பக்கம் ஒன்னைப் பாக்கக்கூடாது” என்றார்.

சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தான் போல. போகவில்லை. இரண்டு மடங்காகியிருந்தது. வராந்தாவில் அதே பெஞ்ச், அதே முதலாளி படம். இனிமேல் வேலை இல்லை. எந்த மில்லிலும் எடுக்கமாட்டார்கள், மேனேஜர்களுக்குள் போன் இருக்கிறது. போலீஸ் வரும், உண்மையாகவே வரும். சுருளியிடம் எப்படிச் சொல்வது? சரி என்று சொல்லியிருந்தானே. இந்தத் தடவை வெட்கப்படாமல் எழுந்து போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தான். டைப்பிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது சவரிமுத்துவை உள்ளே கூட்டிப்போனார்கள். அவர் வீரணனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் தாண்டிப் போக அவ்வளவு பெரிய உடம்பு சிரமப்பட்டது. கதவு மூடியது. வீரணன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை, இரண்டாவது ஷிப்டின் இரைச்சல்தான் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் சொல்லிவிடுவார் என்று நினைத்தான். தீக்குள் போனவர். பாம்பைப் பிடித்தவர். சொல்லிவிடுவார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சவரிமுத்து வெளியே வந்து, கேட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்து, நின்று, திரும்பி, பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அதையேதான்டா சொன்னேன்” என்றார். “காயிதத்துல இருக்கிறதையே.”

அவருடைய முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. கைகளை வைத்து அமுக்கிப் பார்த்தார், கைகளும் சேர்ந்து ஆடின. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“என்னன்னு தெரியலடா. காலு நிக்க மாட்டேங்குது. நெஞ்சு கெடந்து அடிக்குது. எனக்கு இப்பிடி ஆனதே இல்ல.”

“மூச்சை மெதுவா விடுங்கண்ணே. தண்ணி குடிக்காதீங்க இப்ப, வாந்தி வரும்.” இது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த விஷயம். “உள்ளங்கையைத் தொடையில நல்லாத் தேய்ங்க. ஆமா, அப்பிடித்தான்.”

சவரிமுத்து தேய்த்தார். “எப்பப் போகும்?”

“போகாதுண்ணே. அது பாட்டுக்கு இருக்கும். நாம பாட்டுக்குச் சொல்லலாம்.”

சவரிமுத்து கதவைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. வீரணனும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.